பீரோவுக்குள் மோடம்

எங்கள் வீட்டு பீரோவின் வலது கதவு மூடாது. பழைய புடவைக் கிழிசல் ஒன்றை அதன் கைப்பிடியில் சுற்றி இடது கதவோடு சேர்த்துக் கட்டி வைத்திருக்கிறோம். வீட்டுக்கு வருகிறவர்கள் அதைப் பார்த்ததும் திருடன் வந்தானா என்று கேட்பார்கள். திருடன் யாரும் வரவில்லை. நடந்ததை எங்கள் சொந்தக்காரர்கள் ஆளுக்கொரு விதமாகச் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். அவர்கள் வாயில் அகப்படுவதை விட நானே சொல்லிவிடுவது மேல்.

நான் பெரம்பலூர்க்காரி. அங்கேயே ஒரு பொறியியல் கல்லூரியில் எலக்ட்ரானிக்ஸ் படித்தேன். கல்யாணமாகி வந்தது ஜெயங்கொண்டத்துக்குப் பக்கத்தில், முந்திரிக்காட்டை ஒட்டிய ஊருக்கு. கணவருக்கு சிமெண்ட் ஆலையில் ஷிப்ட் வேலை. மாமனார் அப்படியொரு ஆலையில் எலக்ட்ரீசியனாக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டில் மாமியாரையும் சேர்த்து நாங்கள் நாலு பேர். எனக்கு வேலை கிடைத்தது இணைய இணைப்புக் கொடுக்கும் கம்பெனி ஒன்றின் வாடிக்கையாளர் சேவைப் பிரிவில். அலுவலகம் சென்னையில். நான் வீட்டிலிருந்தே லேப்டாப்பைத் திறந்து, ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு, வருகிற அழைப்புகளை எடுக்க வேண்டும். யார் வீட்டில் நெட் போனாலும் முதல் திட்டு எனக்குத்தான்.

அந்த வேலைக்காகவே வீட்டுக்கு நெட் இணைப்பு எடுத்தேன். என் பேரில், என் ஆதாரைக் கொடுத்து எடுத்தேன். மாதாமாதம் கட்டுவதும் நான்தான். இதை இங்கேயே சொல்லி வைக்கிறேன், பின்னால் தேவைப்படும்.

மோடம் செய்வது புரியாத வித்தை ஒன்றும் இல்லை. கம்ப்யூட்டருக்குத் தெரிந்தது இரண்டே சங்கதி: உண்டு, இல்லை. படம், பாட்டு, பரீட்சை ரிசல்ட் எல்லாமே அதற்குள் உண்டு, இல்லை, உண்டு, உண்டு, இல்லை என்று போகும் நீண்ட வரிசைதான். வெளியே போகிற டெலிபோன் கம்பிக்கு அந்தப் பாஷை தெரியாது, அதில் அலைதான் போகும். அதனால் இந்தப் பக்கம் ஒரு பெட்டி அந்த வரிசையை அலையாக மாற்றி அனுப்பும். அந்தப் பக்கம் இன்னொரு பெட்டி அலையைப் பிரித்து மறுபடியும் வரிசையாக்கும். நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது அக்காவின் பிளஸ் டூ ரிசல்ட் பார்க்கப் பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு பிரவுசிங் சென்டருக்குப் போனோம். அங்கே அந்தப் பெட்டி கீச்சென்று அலறி, கரகரவென்று தொண்டையைச் செருமிவிட்டுத்தான் நெட்டைக் கொடுத்தது. அது இரண்டு பெட்டிகளும் ஒன்றையொன்று விசாரித்துக்கொள்ளும் சத்தம் என்று கல்லூரியில் படிக்கும்போதுதான் தெரிந்தது.

இப்போது கம்பிக்குப் பதில் தலைமுடி கனத்தில் கண்ணாடி இழை வந்துவிட்டது. அலறலுக்குப் பதில் வெளிச்சம். கண்ணுக்குத் தெரியாத ஒரு வெளிச்சம் மின்னி மின்னி அணைந்து சேதியைக் கொண்டுவரும். வீட்டுக்குள் இருக்கிற பெட்டி அதைப் படித்து, வைஃபை என்கிற ரேடியோ அலையாக்கி அறை அறையாக அனுப்பும். வெளிச்சம் வந்து சேராவிட்டால் பெட்டியில் சிவப்பு விளக்கு எரியும். எங்கள் பக்கத்தில் சுண்ணாம்புக்கல் ஏற்றிய லாரி ரோட்டுக்குக் குறுக்கே தொங்கும் ஒயரை இழுத்துக்கொண்டு போய்விட்டால் தெருவெல்லாம் சிவப்புதான். இந்தக் காலத்துப் பெட்டிக்கு விவரம் தெரிந்தவர்கள் வேறு ஏதோ பேர் சொல்கிறார்கள். சென்னையிலிருந்து பூலாம்பாடி வரை என்னைக் கூப்பிடுகிற அத்தனை பேரும் மோடம் என்றுதான் சொல்கிறார்கள், எனக்கும் அது போதும்.

சிவப்பு விளக்கு எரியவில்லை, ஆனால் நெட் மந்தமாக இருக்கிறது என்று யாராவது சொன்னால் நான் கேட்க வேண்டிய கேள்வி, மோடத்தை எங்கே வைத்திருக்கிறீர்கள் என்பது. அரிசி மூட்டைக்குப் பின்னால் என்பார்கள். சாமி படத்துக்குப் பின்னால் என்பார்கள். பீரோவில் வைத்திருக்கிறோம் என்று சொல்கிறவர்களும் உண்டு. கேட்கும்போது சிரிப்பு வரும், அடக்கிக்கொள்வேன். எங்கள் ஊர்ப்பக்கத்தில் எது வீட்டுக்கு வந்தாலும், அதற்குக் கொஞ்சம் விலை இருந்தால் போதும், பீரோவுக்குள் போய்விடும். பட்டா, பட்டுப்புடவை, சீர் வெள்ளி, பிரிக்காத மிக்ஸி எல்லாம் அங்கேதான். டிவி ரிமோட்டுக்குக்கூட பிளாஸ்டிக் உறை போட்டு வைக்கிற ஜனங்கள் நாங்கள். அக்கறையைக் காட்டுவதற்கு எங்களுக்குத் தெரிந்த வழி பூட்டி வைப்பது.

ஒரு தடவை அம்மா வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்பி வந்தால் எங்கள் மோடத்தைக் காணோம். மாமா பீரோவின் முதுகில் டிரில் போட்டு ஒரு ஓட்டை செய்து, ஒயர் அறுபடாமலிருக்க அதற்கு ரப்பர் வளையமும் வைத்து, மோடத்தை உள்ளே குடியேற்றியிருந்தார்.

“தூசி படுதும்மா. பல்லி வேற மேல ஏறுது. வெல ஒசந்த சாமான இப்புடித் தொறந்து போட்டு வெக்கலாமா?” என்றார்.

எனக்குக் கோபம் வரவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தேன். “இது ரேடியோ அலைய வூடு முழுக்க அனுப்புது மாமா. இரும்புப் பொட்டியில வெச்சா அலை உள்ளயே முட்டிக்கிட்டு நிக்கும், வெளிய வராது.”

மாமா கொஞ்சம் யோசித்தார். “கரண்டு எரைச்சல் வெளிய போவக் கூடாதுன்னு ஒயருக்கு மேல இரும்புக் கொழா போடுவமே, அந்தக் கணக்கா?”

“அதே கணக்குதான் மாமா.”

அவருக்கு உற்சாகம் வந்துவிட்டது. என்னைப் போனோடு, நான் வேலை பார்க்கும் பின்ரூமில் போய் நிற்கச் சொன்னார். கூடத்தில் பீரோ கதவைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாத்திக்கொண்டே “எத்தன கோடு?” என்று கத்தினார். “மூணு மாமா!” என்று நான் கத்தினேன். “இப்ப?” “ரெண்டு!” “இப்ப?” “ஒண்ணு!” கதவு டப்பென்று மூடியது. “போச்சு மாமா!” வாய்விட்டுச் சிரித்தார். தன் தோள் துண்டால் மோடத்தைத் துடைத்து, பீரோவுக்கு மேலே அவரே எடுத்து வைத்தார். இந்த வீட்டுக்கு வந்த பிறகு நான் சந்தோஷமாக இருந்த நாட்களில் அதுவும் ஒன்று. அதனால்தான் பின்னால் நடந்தது அத்தனை எரிச்சலைக் கொடுத்தது.

கொஞ்ச காலம் கழித்து ஜெயங்கொண்டத்தில் ஒரு சொந்தக்காரர் கல்யாணம். பந்தியில் மாமாவுக்குப் பக்கத்தில் அவருடைய தம்பி உட்கார்ந்திருந்தார், எனக்குச் சின்ன மாமா. அவர்களுக்கு முதுகைக் காட்டிய வரிசையில் நானும் அத்தையும் இருந்தோம். சின்ன மாமாவுக்கு மெதுவாகப் பேச வராது.

“ஏண்ணே, ஒங்க வூட்டு மருமவ நாள் பூரா யார் யாருகூடவோ சிரிச்சு சிரிச்சுப் பேசுதாமே? தெருவுல போறவன்லாம் நின்னு கேட்டுட்டுப் போறானாம்.”

சிரித்துச் சிரித்தா! ஒரு நாள் அந்த ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்து பார்க்கட்டும். மேட்ச் நடக்கும்போது நெட் போனவன் பேசுகிற பேச்சைக் கேட்டால் சின்ன மாமாவுக்குப் பாயசம் இறங்காது. நான் எழுந்து கேட்கப் போனேன். அத்தை என் முழங்கையைப் பிடித்து உட்கார வைத்தார். மாமா பாதிச் சாப்பாட்டிலேயே இலையை மூடினார். திரும்பி வரும்போது பஸ்ஸில் எங்களை விட்டுத் தள்ளிப் போய் உட்கார்ந்தார்.

மறுநாள் காலையில் வேலைக்கு உட்கார்ந்தால் நெட் இல்லை. பீரோவுக்கு மேலே மோடம் இல்லை. ஒயர் பழையபடி முதுகு ஓட்டைக்குள் போயிருந்தது. கதவு பூட்டியிருந்தது. சாவி மாமாவின் சட்டைப் பையில்.

“மாமா, மோடம் உள்ள இருக்கு.”

“இருக்கட்டும். இடி கிடி வுழுந்தா போயிரும்.”

வெளியே வெயில் மண்டையைப் பிளந்தது. “இரும்புக்குள்ள வெச்சா சிக்னல் வராதுன்னு உங்களுக்குத் தெரியுமே மாமா.”

“தெரியும்” என்றார்.

போன தடவை தெரியாமல் செய்தார். இந்தத் தடவை தெரிந்து செய்தார். தெரிய வைத்தவள் நான். மோடத்தை அவர் அணைக்கவும் இல்லை. அணைத்திருந்தால் ஏன் அணைத்தீர்கள் என்று கேட்டிருப்பேன். எரிகிற மோடத்தைப் பூட்டி வைத்தால் வீட்டில் நெட் இருக்கிறது, யாரும் யாரையும் வேலைக்குப் போக வேண்டாம் என்று சொல்லவில்லை, மருமகளுக்குத்தான் சிக்னல் எடுக்கவில்லை. நான் சொல்லிக்கொடுத்த பாடத்தை வைத்தே என் வாயைக் கட்டினார். மாமனார் கெட்டிக்காரர் என்பதில் எனக்குச் சந்தேகமே இருந்ததில்லை.

கணவரிடம் சொன்னேன். “அப்பாகிட்ட நான் எப்புடிப் போயி கேக்குறது? நீ கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கயேன்” என்றார். நான் அட்ஜஸ்ட் பண்ணிக்கொள்வேன், அலை பண்ணிக்கொள்ளுமா? மொபைல் நெட்டை நம்பலாம் என்றால் எங்கள் தெருவில் அது ஒரு கோடு காட்டினாலே அதிகம். என் பேச்சும் இணையம் வழியாகத்தான் போக வேண்டும். அது அறுந்தால் அழைப்பு அறும், அழைப்பு அறுந்துகொண்டே இருந்தால் வேலை போகும். மாமா எதிர்பார்த்தது அதுதான். நானே அலுத்துப்போய் விட்டுவிடுவேன் என்று நினைத்திருக்கிறார்.

நான் அலுத்துப்போகிற ஜாதி இல்லை. பின்ரூமிலிருந்த மேசையைத் தூக்கிக்கொண்டு வந்து கூடத்தில், பீரோவுக்கு முன்னாலேயே போட்டேன். நாற்காலியின் முதுகு பீரோ கதவைத் தொடும். கதவு இடுக்கிலும் ஒயர் ஓட்டையிலும் கொஞ்சம் அலை கசியும், தண்ணீர்த் தொட்டியின் விரிசலில் ஈரம் கசிவது போல. அவ்வளவு பக்கத்தில் உட்கார்ந்தால் ஒரு கோடு, அதிர்ஷ்டம் இருந்தால் இரண்டு. அதை வைத்து வேலையை ஆரம்பித்தேன். ஒரு கோட்டில் பேசும்போது குரலை உயர்த்திப் பேச வேண்டியிருந்தது, உயர்த்தினேன். வேண்டாத இடத்திலும் கொஞ்சம் உயர்த்தினேன் என்பதையும் மறைக்கவில்லை. தெருவுக்குக் கேட்கக் கூடாது என்று அவர் பூட்டினார். என் குரல் நடுக்கூடத்துக்கே வந்துவிட்டது.

மாமா டிவியைச் சத்தமாக வைத்தார். நான் எழுந்து போய்க் குறைத்துவிட்டு, “கஸ்டமர் லைன்ல இருக்காங்க மாமா” என்றேன். அவர் வேப்பமரத்தடியில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். பார்க்க வருகிறவர்களையும் அங்கேயே உட்கார வைத்துப் பேசினார். அத்தை மட்டும் முருங்கைக்கீரையை ஆய்ந்துகொண்டு கூடத்திலேயே இருந்தார். அப்புறம் ஒரு நாள், நான் ஒருவரிடம் பேசிக்கொண்டிருக்கும்போது, கீரையிலிருந்து தலையைத் தூக்காமலே, “செவப்பு எரியுதான்னு கேளு” என்றார்.

ஆனால் கசிகிற அலையில் எத்தனை நாள் ஓட்ட முடியும்? அழைப்புகள் பாதியில் அறுந்தன. அறுபட்டவர்கள் மறுபடி கூப்பிட்டு முன்னைவிட மோசமாகத் திட்டினார்கள். என் டீம் லீடர் நல்ல மாதிரியான பெண்தான். அவளே கடைசியில், “மேடம், இந்த வாரமும் இப்படியே கட்டாச்சுன்னா என்னால ஒண்ணும் பண்ண முடியாது. மேல கேக்குறாங்க” என்று சொல்லிவிட்டாள். போனால் இன்னொரு வேலை என்று சொல்ல எங்கள் ஊரில் எனக்கு என்ன இருந்தது? இந்த வேலை போனால் நான் பின்ரூமுக்குப் போவேன், அங்கேயே இருப்பேன். எனக்கு அது நன்றாகத் தெரிந்தது.

அந்த வாரத்தில் ஒரு நாள் முற்பகலில் சின்ன மாமா வந்தார். வந்தவர் வேப்பமரத்தடியில் நிற்காமல் நேரே கூடத்துக்குள் வந்து சோபாவில் உட்கார்ந்தார். வேறு வழியில்லாமல் மாமாவும் உள்ளே வந்தார். அத்தை காபி கொடுத்தார். சின்ன மாமா டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு சினிமா பார்ப்பது போல என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது ஒரு அழைப்பு வந்தது.

பேசியது ஒரு பெண். குரல் ரொம்பத் தணிவாக இருந்தது. நெட் சரியாக எடுக்கவில்லை என்றாள். வழக்கமான கேள்வியைக் கேட்டேன்.

“மோடத்துல செவப்பு லைட் எரியுதாங்க?”

“தெரியலீங்க. மோடம் ரூமுக்குள்ள இருக்கு. ரூம் பூட்டியிருக்கு.”

“தெறந்து பாத்துட்டு சொல்றீங்களா? லைன்லயே இருக்கேன்.”

“சாவிய அவங்க எடுத்துட்டுப் போயிட்டாங்க.”

“எப்ப வருவாங்க?”

“வந்தாலும் குடுக்க மாட்டாங்க” என்றாள். பிறகு அவசரமாக, “மத்தியானம் எனக்கு ஆன்லைன்ல ஒரு இண்டர்வியூ இருக்குங்க. வேற ஏதாச்சும் வழி இருந்தா சொல்லுங்களேன்” என்றாள்.

என்ன சொல்ல வேண்டும் என்பதெல்லாம் என் திரையில் எழுதியிருக்கும். ஒயரைக் கழற்றி மாட்டச் சொல்லலாம், அணைத்துப் போடச் சொல்லலாம், புகார் பதியலாம். சாவியை எடுத்துக்கொண்டு போனவர்களைப் பற்றி அதில் ஒரு வரி கிடையாது. முதுகில் பீரோவின் இரும்பு சில்லென்று பட்டுக்கொண்டிருந்தது.

“கனெக்‌ஷன் யார் பேர்ல இருக்கு?”

“எம் பேர்லதாங்க. நாந்தான் கட்டுறேன்.”

“அப்ப பூட்ட ஒடச்சிருங்க.”

கூடத்தில் இருந்த மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். சின்ன மாமா குடிக்கப்போன காபியைக் கீழே வைத்தார்.

“ஒடைக்கவா?” என்றாள் அந்தப் பெண்.

“ஒடைங்க. உள்ள இருக்கறது உங்க பொருள்.”

அவள் என்னமோ சொல்ல ஆரம்பித்தாள். “இல்லீங்க, எனக்கு” என்கிற வரைக்கும் கேட்டது. லைன் அறுந்துவிட்டது. அறுந்தது அவள் பக்கம் இல்லை. என் பக்கம். அவள் வாழ்க்கையில் யாரிடமும் சொல்லாத ஒன்றைச் சொல்ல வாயெடுத்திருக்கலாம், என் முதுகுக்குப் பின்னால் இருந்த தகரக் கதவு அதை அறுத்துவிட்டது.

ஹெட்செட்டைக் கழற்றி மேசையில் வைத்தேன். மாமா முன்னால் போய் நின்று கையை நீட்டினேன்.

“சாவி குடுங்க மாமா.”

“சாயங்காலம் பாத்துக்கலாம்மா. வந்தவங்க இருக்காங்க.”

“இப்பக் குடுங்க.”

“குடுக்கலன்னா என்ன பண்ணிருவ?” இதைக் கேட்டவர் மாமா இல்லை, சின்ன மாமா. மாமா என் முகத்தைப் பார்க்கவில்லை. கை மட்டும் சட்டைப் பையை மூடிக்கொண்டது.

கொல்லைப்புறம் போனேன். குழி எடுக்கிற கடப்பாரை சுவரில் சாய்ந்திருந்தது. தூக்கிக்கொண்டு வந்தேன். அது கனமாக இருந்தது. சின்ன மாமா எழுந்து நின்று, “அண்ணே, என்னண்ணே இது? வூடா இது?” என்று கத்தினார். மாமா உட்கார்ந்த இடத்திலேயே இருந்தார்.

கடப்பாரையின் தட்டை முனையை இடது கதவு இடுக்கில் வைத்தேன். அத்தை எழுந்து வந்தார். பிடுங்கத்தான் வருகிறார் என்று நினைத்து இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். என்ன ஆனாலும் விடுவதில்லை என்று இருந்தேன். அவர் கடப்பாரையைத் தொடவில்லை. பீரோவை ஒரு தடவை மேலும் கீழும் பார்த்தார்.

“அந்தப் பக்கம் பட்டுப் பொடவ அடுக்கியிருக்கு” என்றார். “இந்தப் பக்கமா நெம்பு.”

நெம்பினேன். வலது கதவு வளைந்து, பூட்டு நாக்கு விடுபட்டு, படாரென்று திறந்தது. உள்ளே நடுத்தட்டில் மோடம் பச்சை விளக்குகளோடு உட்கார்ந்திருந்தது. அடியில் ஒரு துண்டை மடித்துப் போட்டு, சூடு தட்டாமலிருக்கச் சுற்றிலும் இடம் விட்டு, அழகாக வைத்திருந்தார் மாமா. அதைப் பார்த்ததும் எனக்குக் கோபம் இன்னும் ஏறியது. பெட்டி மேல் இருந்த இந்த அக்கறையில் கொஞ்சம் என் மேல் இருந்திருக்கலாம்.

அன்றைக்கே மோடத்தைச் சுவரில் ஆணியடித்து மாட்டினேன். இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறது. என் மேசை பின்ரூமுக்குத் திரும்பிப் போகவில்லை. ஜன்னலோரம் போட்டிருக்கிறேன், தெருவில் போகிறவர்கள் தாராளமாக நின்று கேட்கலாம். அந்த அழைப்பின் பதிவைக் கேட்ட கம்பெனிக்காரர்கள், விதிமுறையில் இல்லாததைச் சொன்னதற்கு மன்னிப்பு எழுதித் தரச் சொன்னார்கள். தர முடியாது என்றேன். வேலையை விட்டு எடுப்பார்கள் என்று இருந்தேன், எடுக்கவில்லை. மன்னிப்பும் இன்னும் போய்ச் சேரவில்லை.

மாமா வெகுநாள் என்னோடு பேசவில்லை. இப்போது பேசுகிறார், நெட் மந்தமானால் முதலில் என்னைத்தான் கூப்பிடுகிறார். பீரோ கதவைச் சரி பண்ண அவருக்கு அரைமணி நேர வேலை, ஆனாலும் பண்ணவில்லை. வருகிறவர்கள் பார்த்துக் கேட்கட்டும், எனக்கு வெட்கம் வரட்டும் என்று விட்டுவைத்திருக்கிறார் போல. எனக்கு வெட்கம் வரவில்லை. கேட்கிறவர்களிடம் நான்தான் உடைத்தேன் என்கிறேன். சில சமயம் எனக்கு முன்னால் அத்தை சொல்லிவிடுகிறார்.

அந்தப் பெண் மறுபடி கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தாலும் வேறு யாராவது எடுத்திருப்பார்கள். அவள் பூட்டை உடைத்தாளா, மத்தியானம் இண்டர்வியூவுக்கு உட்கார்ந்தாளா, எனக்குத் தெரியாது. அவள் அனுமதி கேட்கவில்லை, வழி கேட்டாள். உடை என்று மட்டும் சொன்னேன், எப்படி என்று சொல்வதற்குள் அறுந்துவிட்டது. அன்றைக்கு எனக்கும் தெரியாது. இப்போது தெரியும். தணிந்த குரலில் எந்தப் பெண் கூப்பிட்டாலும், முதலில் எந்தப் பக்கம் நெம்ப வேண்டும் என்று சொல்லிவிட்டுத்தான் சிவப்பு விளக்கைப் பற்றிக் கேட்பேன்.